மனநிறைவும் மகளிரும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



25 ஆண்டுகளை நிறைவு செய்திருக்கும் நம் கழகம் இன்று கணக்குப் பார்க்கிறது. எத்தனை பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்தனர், எத்தனை பேர் கல்லூரி புகுந்தனர், எத்தனை பேர் பணியில் அமர்ந்தனர் என்றெல்லாம் எண்ணிப் பார்த்து மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். ஆயினும் நம் கணக்கேட்டில் இன்னும் எழுதப்படாத பக்கம் ஒன்று உண்டு. படித்தவரும் படியாதவருமாகிய நம் மக்கள் தத்தம் வாழ்வில் நிறைவு காண்கிறார்களா? அந்நிறைவு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒப்ப வாய்த்திருக்கிறதா? இவ்வினாவையே இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

"நிறைவு என்பது அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது, அதை எவ்வாறு அளப்பது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. எனினும் கடந்த அறுபது ஆண்டுகளாக உலகின் பல நாட்டு அறிஞர்கள் அதனை அளக்க முயன்று வருகின்றனர். அமெரிக்க உளவியல் அறிஞர் ஹாட்லி காண்ட்ரில் என்பார் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் ஓர் ஏணியைப் பயன்படுத்தினார். கீழ்ப்படி சுழியம், மேற்படி பத்து. "உமக்கு வாய்க்கக்கூடிய வாழ்க்கைகளுள் மிகச் சிறந்தது மேற்படி, மிகத் தாழ்ந்தது கீழ்ப்படி. இன்று நீர் எந்தப் படியில் நிற்கிறீர்?" என்பதே கேள்வி. 2012ஆம் ஆண்டு முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கையும் இந்த ஏணியைக் கொண்டே நாடுகளை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் இந்தியா 2024இல் 126ஆம் இடத்தையும், 2025இல் 118ஆம் இடத்தையும் பெற்றது.

1984ஆம் ஆண்டில் எட் டீனர் என்னும் அறிஞர் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். ஒருவர் தம் வாழ்வைப் பற்றித் தாமே உணரும் நலனை மூன்று கூறுகளாகக் காணலாம் என்பது அத்துறையின் தெளிவு. வாழ்க்கையை மொத்தமாக எண்ணிப் பார்த்துச் சொல்லும் நிறைவு ஒன்று. அன்றாடம் உள்ளத்தில் எழும் மகிழ்ச்சி, ஆர்வம், அமைதி போன்ற இன்ப உணர்வுகள் மற்றொன்று. கவலை, அச்சம், துயரம், சினம் போன்ற துன்ப உணர்வுகள் மூன்றாவது. இம்மூன்றும் எப்பொழுதும் ஒரே வழியில் செல்வதில்லை. "என் வாழ்க்கைக்கு ஒரு குறையுமில்லை" என்று சொல்பவரே இரவு முழுவதும் உறக்கமின்றிப் புரண்டுகொண்டிருக்கக் கூடும். இந்த வேறுபாட்டை நாம் நினைவில் நிறுத்திக்கொள்ளுதல் வேண்டும். இனி நாம் சொல்லப்போவன எல்லாம் இதனைச் சார்ந்தே நிற்கின்றன.

ஆணையும் பெண்ணையும் ஏணியின் முன் நிறுத்திக் கேட்டபொழுது கிடைத்த விடை பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. பெரும்பாலான நாடுகளில் பெண்கள் ஆண்களுக்குச் சமமான படியையோ அதனினும் சற்று உயர்ந்த படியையோ சொல்கின்றனர். ஆனால் அதே பெண்களிடம் கவலையையும் துயரையும் பற்றிக் கேட்டால், ஆண்களை விட மிகுதியாகச் சொல்கின்றனர். மனச்சோர்வு நோய், ஆண்களிடம் இருப்பதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை பெண்களிடம் காணப்படுகிறது. நிறைவு மிகுதி, துயரமும் மிகுதி! இஃது எங்ஙனம் பொருந்தும்?

இதற்கு விடை காண, நாம் வங்காளத்துக்குச் செல்லுதல் வேண்டும். 1943ஆம் ஆண்டில் அங்கே கொடிய பஞ்சம் ஏற்பட்டு இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அதற்கு அடுத்த ஆண்டு, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூர்ப் பகுதியில் அனைத்திந்திய உடல்நல, பொதுச் சுகாதாரக் கழகம் ஓர் ஆய்வு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களிடமும், கணவனை இழந்த பெண்களிடமும் அவரவர் உடல்நிலை குறித்துக் கேட்டார்கள். நோயுற்றிருப்பதாகவோ, உடல்நலம் சுமார்தான் என்றோ சொன்ன ஆண்கள் நூற்றுக்கு 48.5 பேர். அவ்வாறு சொன்ன கைம்பெண்களோ நூற்றுக்கு 2.5 பேர்தாம். "சுமார்" என்னும் விடையை மட்டும் தனியே எடுத்தால் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். ஆண்களில் நூற்றுக்கு 45.6 பேர் அவ்விடையைச் சொன்னார்கள். கைம்பெண்களில் அவ்வாறு சொன்னவர் ஒருவர்கூட இலர்.

பஞ்சம் கடந்து ஓராண்டே ஆன நாட்டில், ஒருவேளை உண்டு, வெள்ளாடை உடுத்து, வீட்டின் மூலையில் ஒதுங்கிக் கிடந்த கைம்பெண்கள் ஆண்களைக் காட்டிலும் நல்ல உடல்நலத்தோடு இருந்தார்கள் என்று நம்புவார் யார்? பின்னர் 1998இல் நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் அவர்கள் இவ்வெண்களை எடுத்துக்காட்டி விளக்கினார்கள். நெடுங்காலம் இல்லாமையிலேயே வாழ்ந்தவர்கள் தம் விருப்பங்களையே சுருக்கிக்கொள்கின்றனர். கிடைக்காது என்று தெரிந்ததை ஆசைப்படுவதையும் விட்டுவிடுகின்றனர். தமக்கு இழைக்கப்படுவது குறை என்று சொல்லும் உரிமை தமக்கு உண்டு என்பதே அவர்கள் நெஞ்சில் தோன்றுவதில்லை. ஆதலின் அவர்கள் வாய்மொழியை மட்டும் கொண்டு அவர்கள் நலமாக இருக்கின்றனர் என்று முடிவு கட்டுதல் பெரும்பிழை என்பது அவர்தம் முடிபு.

இதே உண்மையை அவர் வேறொரு வகையிலும் காட்டினார். கேரள மக்கள் பீகார் மக்களை விட நீண்ட ஆயுள் உடையவர்கள். ஆயினும் "எனக்கு நோய் இருக்கிறது" என்று சொல்வோர் தொகை கேரளத்திலேயே மிகுதி. கல்வியும் மருத்துவமும் பரவிய இடத்தில் மனிதன் தன் உடலைக் கவனிக்கக் கற்றுக்கொள்கிறான். நோயை நோய் என்று அறிகிறான். அவை பரவாத இடத்தில் வலியோடு வாழ்வதே இயல்பு என்று எண்ணிவிடுகிறான். குறை சொல்வோர் தொகை கூடுவது சில வேளைகளில் விழிப்பின் அடையாளமாக அமைவதை இதனால் அறிகிறோம்.

இனி காண்ட்ரிலின் ஏணிக்கு வருவோம். அவ்வேணியின் மேற்படி எது? உமக்கு வாய்க்கக்கூடிய சிறந்த வாழ்க்கை என்பது அன்றோ? ஆகவே ஏணியின் உயரம் ஆளுக்கு ஆள் மாறும். மூன்று வேளைச் சோறும், அடிக்காத கணவனும், ஒழுகாத கூரையும் கிடைத்தால் போதும் என்று எண்ணும் தாய்க்கு ஏணி மிகக் குட்டையானது. இரண்டு படி ஏறியதும் உச்சியை எட்டிவிட்டதாக அவள் உணர்வாள். அதே வீட்டில் கல்லூரிக்குச் செல்லும் மகளுக்கு ஏணி நெடியது. தாயை விடப் பல படிகள் உயர்ந்து நின்றும் அவள் தன்னை நடுப்படியில்தான் காண்பாள். அண்மைக் காலத்தில், எல்லாரிடமும் ஒரே மாதிரியான கற்பனை மனிதரின் வாழ்வைச் சொல்லி அவருக்கு எத்தனை படி கொடுப்பீர் என்று கேட்டு, அதன் வழியே அவரவர் ஏணியின் நீளத்தைச் சரிசெய்து பார்த்துள்ளனர். அவ்வாறு சரிசெய்தபின், பெண்களே ஆண்களை விட மகிழ்ச்சியானவர்கள் என்ற முடிவு தலைகீழாக மாறிவிட்டதென 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

அவையோரே! இவ்வுண்மையை விளங்கிக்கொள்ள நமக்கு அயல்நாட்டு ஆய்வு தேவையில்லை. நம் சமுதாயத்தின் வரலாறே போதுமானது. நம் பாட்டன் முப்பாட்டன் காலத்தில் பண்ணையார்கள் என்ன சொன்னார்கள்? "நம் பண்ணையாட்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள், வெளியூர்க்காரர்கள் வந்துதான் அவர்கள் மனத்தைக் கெடுக்கிறார்கள்" என்றார்கள். களத்துமேட்டில் கை கட்டி நின்றவனிடம் "உனக்கு ஏதேனும் குறை உண்டா?" என்று கேட்டால், "உங்கள் புண்ணியத்தில் ஒரு குறையுமில்லை, ஆண்டே" என்பதன்றி வேறு என்ன சொல்லியிருப்பான்? அந்த விடையைச் சான்றாகக் காட்டித்தானே நம்மை நூற்றாண்டுகளாக அடிமைப்படுத்தினார்கள்? 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தனவே, அவை நிறைவோடு இருந்தவர்களுக்காகவா வந்தன? நிறைவோடு இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் கூலி உயர்வு கேட்டுச் சங்கமாய்த் திரண்டபொழுது என்ன நேர்ந்தது என்பதைக் கீழ்வெண்மணி சொல்லும். 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு அங்கே ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே.

அடக்கப்பட்டவன் வாயிலிருந்து வரும் "குறையில்லை" என்னும் சொல்லின் பொருளை நம்மைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் உலகில் இலர். அவ்வாறிருக்க, நம் வீட்டுப் பெண் "எனக்கென்ன குறை?" என்று சொல்லும்போது மட்டும் அதனை முழு உண்மையாக நாம் ஏற்றுக்கொள்வது ஏன்? பண்ணையார் நம்மைக் குறித்துச் சொன்னதை, நாம் நம் தாயையும் மனைவியையும் குறித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோமா? இக்கேள்வியை நம் ஆடவர் ஒவ்வொருவரும் தம் நெஞ்சிடம் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

வாய்மொழியை விட்டுக் கண்ணுக்குத் தெரியும் சான்றுகளைப் பார்ப்போம். நடுவண் அரசு 2019ஆம் ஆண்டில் நாடு முழுவதும் மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று கணக்கெடுத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டனர்; ஆண்களில் நூற்றுக்கு 26 பேரே ஈடுபட்டனர். அவ்வாறு ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் அதற்குச் செலவிட்டனர். ஐந்தாண்டு கழித்து 2024இல் மீண்டும் கணக்கெடுத்தபொழுது அவ்வெண்கள் 289, 88 என இருந்தன. பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களின் பங்கும் ஏறத்தாழ அவ்வளவே குறைந்தது! ஆடவர் கை கொடுத்ததால் பெண்ணின் சுமை இறங்கவில்லை என்பதை இவ்வெண்களே சொல்கின்றன.

இவை எல்லாச் சாதியினரையும் சேர்த்துப் பார்த்த எண்கள். நம் சேரிப் பெண்ணின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். கோழி கூவுமுன் எழுகிறாள். தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நடவுக்கோ களையெடுப்புக்கோ ஓடுகிறாள். நாள் முழுதும் குனிந்த முதுகு நிமிராமல் வேலை செய்து, ஆணுக்குக் கொடுக்கும் கூலியை விடக் குறைந்த கூலியை வாங்கிக்கொண்டு மாலையில் திரும்புகிறாள். வந்ததும் மீண்டும் அடுப்பு. எல்லாரும் உண்டபின் சட்டியில் எஞ்சியதை உண்டு, கடைசியில் படுக்கிறாள். பொழுது புலர்ந்து பொழுது சாயும் வரை "இந்த நேரம் எனக்கானது" என்று சொல்ல அவளுக்கு ஒரு நாழிகையும் இல்லை. மேல்சாதி ஏழைப் பெண்ணுக்குப் பெண் என்னும் சுமையும் வறுமை என்னும் சுமையும் உண்டு. நம் பெண்ணுக்கோ சாதி என்னும் மூன்றாவது சுமையும் உண்டு. வயல் வரப்பிலும் தெருவிலும் அவள் கேட்கும் இழிசொற்களை வீட்டில் வந்து சொல்வதுமில்லை. சொன்னால் ஆண்கள் சண்டைக்குப் போவார்கள், அதனால் ஊரில் கலகம் வரும் என்று தன் நெஞ்சிலேயே புதைத்துக்கொள்கிறாள்.

அவ்வாறு புதைத்தது உடலில் வெளிப்படுகிறது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 25 பேர். ஒன்பது வட இந்திய, கிழக்கிந்திய மாநிலங்களை ஆராய்ந்து 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வு, தாழ்த்தப்பட்ட மக்களின் வாழ்நாள் மேல்சாதி இந்துக்களின் வாழ்நாளை விட மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறைவு என்று கண்டது. தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது மேல்சாதிப் பெண்களுடையதை விட 14.6 ஆண்டுகள் குறைவு என்று ஐக்கிய நாடுகள் அவையின் மகளிர் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டியது. ஏணியில் எந்தப் படியைச் சொன்னாலும், இரத்தமும் ஆயுளும் பொய் சொல்வதில்லை.

இதனால் ஆடவர் எல்லாரும் இன்பத்தில் திளைக்கின்றனர் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. அதுவும் உண்மையன்று. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிட்டது. அவர்களுள் ஆண்கள் 1,22,724 பேர். பெண்கள் 48,172 பேர். மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அன்றாடக் கூலிகள். மாண்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இல்லத்தரசிகள். உலகக் கணக்கில் பார்த்தால், 2016இல் தற்கொலையால் மாண்ட பெண்களில் நூற்றுக்கு 36.6 பேர் இந்தியப் பெண்கள் என்பது ஒரு மருத்துவ ஆய்வின் முடிவு. ஆணும் மாள்கிறான், பெண்ணும் மாள்கிறாள். துயரம் இருவருக்கும் உண்டு. அது வெளிப்படும் வழிதான் வேறு.

பெண் தன் துயரைக் கண்ணீராகவும் தலைவலியாகவும் உறக்கமின்மையாகவும் வெளியிடுகிறாள். குழாயடியிலும் களத்துமேட்டிலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் இன்னொரு பெண்ணிடம் சொல்லி ஆற்றிக்கொள்கிறாள். ஆண் அழக்கூடாது என்று சிறுவயது முதலே நம் பையன்களுக்குக் கற்பித்துவிட்டோம். கடன்காரன் ஏசினாலும், மேலதிகாரி சாதி சொல்லி இழித்தாலும், வேலையில்லாமல் நின்றாலும் அவன் எவரிடமும் வாய் திறப்பதில்லை. மதுக்கடையை நாடுகிறான். வெளியில் பட்ட அவமானத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து மனைவியின் முதுகில் இறக்குகிறான். அவன் துயரத்தின் காரணத்தை நாம் அறிவோம். ஆனால் காரணத்தை அறிவதனால் அச்செயல் நியாயமாகிவிடாது. மேலே உள்ளவன் நம்மை மிதிப்பது தீது என்றால், நாம் நமக்குக் கீழே உள்ளதாக எண்ணும் ஒருத்தியை மிதிப்பதும் தீதே.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதத்தை எதிர்கொள்ளுதல் கடமை. அமெரிக்க நாட்டில் 1972 முதல் மக்களின் மகிழ்ச்சியைத் தொடர்ந்து கேட்டுப் பதிவு செய்து வருகின்றனர். 1970களில் பெண்கள் ஆண்களை விட மகிழ்ச்சி மிகுந்தவர்களாகச் சொன்னார்கள். அதன்பின் பெண்கள் கல்வியிலும் ஊதியத்திலும் உரிமையிலும் பெருமுன்னேற்றம் கண்டனர். ஆனால் அவர்கள் சொன்ன மகிழ்ச்சியின் அளவோ ஆண்களோடு ஒப்பிட்டாலும், தனியே பார்த்தாலும் குறைந்துகொண்டே வந்தது. பெட்சி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் ஆகிய இருவர் 2009இல் இதனை விரிவாக எழுதினர். இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா? பெண்ணைப் படிக்கவைத்து வேலைக்கு அனுப்பினால் அவள் நிம்மதி கெடுகிறது, பழைய வாழ்வே நல்வாழ்வு" என்று சொல்வோர் உளர். நம்மூரிலும் உளர்.

அவர்களுக்கு நம் மறுமொழி இதுதான். முதலாவது, ஏணி நீண்டுவிட்டது. முன்பு அண்டை வீட்டுப் பெண்ணோடு தன்னை ஒப்பிட்டவள் இன்று உடன் பணிபுரியும் ஆணோடு ஒப்பிடுகிறாள். ஒப்பீடு மாறும்போது மனக்குறை தோன்றுவது இயல்பே. இரண்டாவது, வெளிவேலை பெண்ணுக்கு வந்ததே தவிர, வீட்டுவேலை ஆணோடு பங்கிடப்படவில்லை. ஒரு சுமைக்கு இரண்டு சுமையானால் நிறைவு எங்கிருந்து வரும்? கல்வியின் குற்றமன்று அது; பங்கிட்டுக்கொள்ளாதவர் குற்றம். மூன்றாவது, நாம் முன்பே கூறியதுபோல், குறையை உணர்தல் விடுதலையின் தொடக்கம். நம் சமுதாயம் தன் நிலையில் நிறைவு கண்டிருந்தால் இப்பள்ளியும் இக்கழகமும் இவ்விழாவும் ஏது?

அண்ணல் அம்பேத்கர் இதனைத் தெளிவாக உணர்ந்திருந்தார். 1942 ஜூலை 20ஆம் நாள் நாகபுரியில் சுலோச்சனாபாய் டோங்கரே அவர்கள் தலைமையில் அனைத்திந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பு மகளிர் மாநாடு நடைபெற்றது. பல்லாயிரம் பெண்கள் திரண்ட அவ்வவையில், ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தைத் தாம் அதன் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டே அளப்பதாக அவர் கூறினார். பிள்ளைகளைப் படிக்கவைக்கவும், அவர்கள் நெஞ்சிலிருந்து தாழ்வு மனப்பான்மையை அகற்றவும், திருமணத்துக்கு விரைந்து தள்ளாதிருக்கவும் தாய்மார்களை வேண்டினார். மனைவி கணவனுக்கு அடிமையாக அன்றித் தோழியாகவும் சமமானவளாகவும் நிற்க வேண்டும் என்றார். அம்மாநாட்டுப் பெண்கள் மணவிலக்கு உரிமைக்கும், ஆடவர் பலதார மணத்தைத் தடுக்கவும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் இயற்றினார்கள். பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வழங்கவிருந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேறாமல் நின்றபொழுது, 1951இல் அவர் தம் அமைச்சர் பதவியையே துறந்தார்.

அவர் காலத்துக்குப் பின் நாம் நடந்து வந்த தொலைவு சிறிதன்று. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இந்தியத் தாழ்த்தப்பட்ட பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 3.29 பேர். 2011இல் அது 56.5ஆக உயர்ந்தது. ஆயினும் அவ்வாண்டில் தாழ்த்தப்பட்ட ஆண்களின் எழுத்தறிவு 75.2. இடைவெளி இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 முதல் நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணமும், 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாயும், 2023 முதல் குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகையும் வழங்கத் தொடங்கினார்கள். தன் கையில் தன் பெயரில் வரும் பணம் சிறிதாயினும், அடுத்தவரைக் கேளாமல் மருந்து வாங்கவும் மகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கவும் இயலும் என்னும் உணர்வு பெரிது. நிறைவு என்பது பெரும்பாலும் இத்தகைய சிறு சிறு உரிமைகளால் ஆனதே.

இறுதியாக, நம் கழகம் அடுத்த 25 ஆண்டுகளில் செய்யத்தக்கன சிலவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று: நம் ஊர்ப் பெண்களிடம் அவர்கள் நிலையைக் கேட்போம். கணவர், மாமியார் முன்னிலையில் கேட்டால் "குறையில்லை" என்ற விடையே வரும். ஆகவே படித்த நம் பெண்களே தனியே அமர்ந்து கேட்கட்டும். "நிறைவாக இருக்கிறாயா?" என்று மட்டும் கேளாமல், எத்தனை மணி நேரம் உறங்குகிறாய், கடைசியாக எப்பொழுது மருத்துவரைப் பார்த்தாய், உன் கூலி யார் கையில் இருக்கிறது, உன் விருப்பப்படி செலவிட நாளில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று கேட்கட்டும். மெய்யான விடை அங்கேதான் கிடைக்கும்.

இரண்டு: நம் இளைஞர்கள் வீட்டு வேலையில் பங்கு கொள்ளட்டும். தண்ணீர்க் குடம் தூக்கினால் ஆண்மை குறையாது. தங்கை பாத்திரம் துலக்க, அண்ணன் படித்துக்கொண்டிருக்கும் வீட்டில் சமத்துவம் பற்றிப் பேசுதல் வீண். தேர்வு இருவருக்கும் ஒன்றாயின், படிக்கும் நேரமும் ஒன்றாதல் வேண்டும்.

மூன்று: வீட்டுமனைப் பட்டாவும் வீடும் கணவன், மனைவி இருவர் பெயரிலும் அமையட்டும். மகளுக்கும் சொத்தில் சமபங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இலும், நாடு முழுவதற்கும் 2005இலும் சட்டம் திருத்தப்பட்டது. சட்டப் புத்தகத்தில் உள்ளது நம் தெருவுக்கு வருதல் வேண்டும்.

நான்கு: நம் ஆடவர்க்கும் மனம் விட்டுப் பேச ஓர் இடம் வேண்டும். கழகத்தின் படிப்பகம் செய்தித்தாள் படிக்கும் இடமாக மட்டுமன்றி, கடனாலும் வேலையின்மையாலும் துவண்ட இளைஞன் வந்து வாய் திறக்கும் இடமாகவும் அமையட்டும். மதுவுக்கு அடிமையானவனை ஏளனம் செய்யாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் கல்விப் பணியே.

ஐந்து: கழகத்தின் செயற்குழுவில் பெண்கள் சரிபாதியாக அமரட்டும். விழா மேடையில் குத்துவிளக்கு ஏற்றுவதற்கும் ஆரத்தி எடுப்பதற்கும் மட்டும் அழைக்காமல், கணக்கேட்டில் கையெழுத்திடவும் தீர்மானத்தை எதிர்க்கவும் அழைப்போம்.

இளைஞர்களே! இவற்றைச் செய்தால் நம் பெண்கள் உடனே ஏணியின் உச்சிப் படியைச் சொல்லிவிடுவார்கள் என்று நாம் உறுதி கூறவில்லை. ஒருவேளை முன்னினும் மிகுதியாகக் குறை சொல்லக்கூடும். இத்தனை நாள் வாய் திறவாத தாய், "எனக்கு முதுகு வலிக்கிறது, இன்று நீ சோறாக்கு" என்று மகனிடம் சொல்லக்கூடும். மகள், "எனக்கு இப்போது திருமணம் வேண்டா, மேலே படிக்க வேண்டும்" என்று தந்தையிடம் சொல்லக்கூடும். அவற்றைக் கேட்டு வீட்டில் அமைதி குலைந்ததென்று நாம் வருந்த வேண்டா. நம் சமுதாயம் தலைநிமிர்ந்து "குறை உண்டு" என்று சொன்ன நாளில்தான் அதன் விடுதலை தொடங்கியது. நம் பெண்கள் அதனைச் சொல்லும் நாளில் அவ்விடுதலை முழுமை பெறத் தொடங்கும். அவர்கள் சொல்லும்போது செவி கொடுத்துக் கேட்பதும், கேட்டதற்கேற்ப நம் வாழ்வைத் திருத்திக்கொள்வதும் நம் ஆடவர் கடமை.